பூட்டியாச்சு... சாவி எங்கே?

பி.காம். படித்தவனுக்கு எதையும் பூட்டி வைத்தால்தான் தூக்கம் வரும்.

கம்ப்யூட்டரின் 'டி' டிரைவில் எனக்கொரு ஃபோல்டர். பத்திர ஸ்கேன், பேங்க் கணக்கு, கூடவே அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தபடி யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொன்ன ஆடியோ. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே உள்ள 'இ.எஃப்.எஸ்.' பூட்டைப் போட்டேன். (ப்ரோவில் உண்டு, ஹோமில் கிடையாது.) ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஒரு டிக். அவ்வளவுதான்! உடனே, 'சாவியை பேக்கப் எடுக்கவா?' என்றது விண்டோஸ். 'அப்புறம்' என்று தட்டினேன்.

அங்கேதான் சனி உட்கார்ந்திருந்தது.

போன வருடம் மெஷின் படுத்தது. மெக்கானிக் தம்பி 'சி' டிரைவை அழித்துப் புது விண்டோஸ் போட்டார். "சார், உங்க ஃபைல் ஒண்ணுகூடப் போகலை!"

வாஸ்தவம். பெயரெல்லாம் இருக்கிறது. திறந்தால் 'அனுமதி இல்லை'! அதே பாஸ்வேர்டு கொடுத்தும் ஊஹூம். ஃபைல்களைத் திறக்கும் சாவி பழைய விண்டோஸுக்குள் இருந்ததாம். அதோடு அதுவும் காலி.

பத்திரம் பீரோவில் இருக்கிறது. பேங்க்காரர்கள் மறுபடி ஸ்டேட்மென்ட் கொடுத்தார்கள். அப்பாவின் குரலுக்கு நகல் ஏது?

நீங்கள் பூட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அன்றைக்கே அந்தச் சாவியை பென் டிரைவில் எடுத்து, அதற்கொரு பாஸ்வேர்டு போட்டு, வேறு இடத்தில் வையுங்கள்.

அம்மாவிடம் சொன்னேன். இடுப்புச் சாவிக்கொத்தைத் தொட்டுக்கொண்டே கேட்டாள்: "பூட்டுறதுக்கு முன்னாடி சாவி எங்கேன்னு பார்க்க மாட்டியாடா?"