நாளொரு திரைப்படம்

மனிதன் தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் நியமங்கள் பல. சிலர் வைகறையில் எழுவோம் என்று உறுதி பூணுவர். சிலர் நாள்தோறும் ஓர் அதிகாரம் வேதம் வாசிப்பர். சிலர் நாட்குறிப்பு எழுதுவர். இக்காலத்து இளைஞரிடையே பரவியிருக்கும் நியமமொன்று, குறித்த நாள் எல்லைக்குள் ஒரு நாளைக்கு ஒரு திரைப்படம் தவறாது பார்த்து முடித்தல் என்பது. இதனைக் கேட்ட மாத்திரத்தில் பெரியோர் நகைப்பர். நோன்பென்றால் ஒன்றை விடுவதன்றோ, விரும்பியதை நாள்தோறும் நுகர்வது எங்ஙனம் நோன்பாகும் என்பர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் 30 நாட்களுக்கு இந்நியமத்தை மேற்கொண்ட பின்னர், என் எண்ணம் மாறிற்று. அதன் இயல்பும், அதனால் விளையும் நன்மை தீமைகளும் இன்னவென விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், இது புதுமையன்று என்பதை அறிதல் வேண்டும். வங்க நாட்டுச் சத்யஜித் ராய் 1950ஆம் ஆண்டில், தாம் பணிபுரிந்த விளம்பர நிறுவனத்தின் பொருட்டு இலண்டன் சென்று, ஏறக்குறைய 6 திங்கள் தங்கினார். அக்காலத்துள் அவர் கண்ட படங்கள் 99 என்பர். அவற்றுள் ஒன்று, இத்தாலியரான டி சிக்கா 1948இல் எடுத்த ‘பைசிக்கிள் தீவ்ஸ்’. சைக்கிளைப் பறிகொடுத்த ஓர் ஏழைத் தந்தையும் அவன் சிறு மகனும் உரோமாபுரித் தெருக்களில் அதனைத் தேடி அலையும் கதை அது. பெரிய அரங்கமும் பேர்பெற்ற நடிகரும் இல்லாமலே ஒரு படம் நெஞ்சை உருக்கக்கூடும் என்பதை அதனால் ராய் தெளிந்தார். தாய்நாடு திரும்பும் கப்பலிலேயே தம் முதற் படத்திற்குரிய குறிப்புகளை எழுதத் தொடங்கினார். 1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’ அதன் பயன். ஆயினும் ஒன்று நோக்குக. இலண்டன் செல்லுமுன்னரே அவர், ஒரு நாவல் படமாகப் போகிறது என்று அறிந்தால், அதற்குத் தாமே காட்சிகளை வகுத்து எழுதி வைத்துக்கொண்டு, படம் வந்த பின் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆகவே 99 என்னும் எண்ணன்று, எண்ணிப் பார்த்த பழக்கமே அவரை உருவாக்கிற்று எனலாம்.

மற்றொருவர் பி. கே. நாயர். திருவனந்தபுரத்தில் சிறுவராயிருந்தபோது கே. சுப்பிரமணியம் எடுத்த ‘அனந்தசயனம்’ (1942) போன்ற படங்களைக் கண்டு மயங்கியவர் அவர். 1964இல் புனேயில் தோன்றிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளர்த்து, 1991இல் ஓய்வு பெறுங்காறும் ஆயிரக்கணக்கான படங்களைத் தேடிச் சேர்த்தார். இருட்டறையில் அமர்ந்து படத்தின்பின் படமாகப் பார்ப்பதும், கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவதும் அவருக்கு அன்றாடக் கடமை. பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ (1913) என்னும் படத்தில் இன்று எஞ்சியுள்ள பகுதி நமக்குக் கிட்டியது அவர் முயற்சியாலேயே.

இனி, நாள்தோறும் நாம் காண்பதுதான் யாது என்று நோக்குவோம். திரையில் ஓடுவது போலத் தோன்றும் குதிரை, மெய்யாக ஓடுவதன்று. பேசும் படத்தில் ஒரு விநாடிக்கு 24 நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று நின்று செல்கின்றன. ஒவ்வொரு படமும் விளக்கின் முன் அசையாது நிற்கும். அது நகரும்போது ஒரு மூடி ஒளியை மறைக்கும். நாம் ஒளியையும் இருளையும் மாறி மாறிக் காண்கிறோம்; இடையிலுள்ள அசைவை நம் மூளையே இட்டு நிரப்புகிறது. பழைய படச்சுருளில் ஓரடி நீளத்துக்கு 16 படங்கள். ஆகவே ஒரு நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படத்திற்கு 13,500 அடி. அதாவது நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அதிலடங்கிய தனிப்படங்கள் 2,16,000. இன்று சுருள் மறைந்து எண்வடிவம் வந்துவிட்டது. எனினும் விநாடிக்கு 24 என்னும் கணக்கு பெரும்பாலும் நிலைத்தேயிருக்கிறது.

காலத்தின் கணக்கும் உண்டு. 30 படத்திற்கு 75 மணி நேரம். தொல்காப்பியத்தில் ஓர் அதிகாரத்தை உரையோடு நிதானமாகக் கற்க அவ்வளவு பொழுது போதும். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனாகிய எனக்கு இக்கணக்கு உறுத்தாமலில்லை. அன்றியும் எங்கள் இல்லத்தில் சினிமாவுக்கு இடமில்லை. எந்தையார் கொட்டகைக்குள் காலெடுத்து வையாதவர். செங்கற்பட்டில் எங்கள் வீட்டின் முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தும், செய்தியும் ஆராதனையுமன்றி வேறெதுவும் அதில் ஒளிர்ந்ததில்லை. யான் கைப்பேசியில், காதில் ஒலிக்கருவி பொருத்திக்கொண்டு, மாடியறையில் பார்த்தேன்.

முதல் வாரம் இனிது கழிந்தது. ‘தியாகபூமி’ (1939), ‘ஹரிதாஸ்’ (1944), ‘சந்திரலேகா’ (1948), பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ (1954) என்று கால வரிசையில் சென்றேன். கண்டதை அன்றிரவே அரைப் பக்கம் எழுதினேன். இரண்டாம் வாரத்தில் இழிவு நேர்ந்தது. படம் தொடங்கு முன்னரே அது எத்தனை நிமிடம் என்று பார்த்தேன். பாட்டுகளைத் தாண்டினேன். பின்னர் ஒன்றரை மடங்கு விரைவில் ஓடவிட்டேன். அரைப் பக்கம் இரண்டு வரியாயிற்று. படம் பார்த்தல் போய், படம் எண்ணுதல் வந்தது. நியமத்தின் உடல் நின்றது, உயிர் போயிற்று.

இந்நோயை எனக்குக் காட்டியவர் என் பாட்டியார். அவருக்கு இரு கண்ணிலும் புரை வளர்ந்து, எதிரே நிற்பவர் நிழலாகத் தோன்றும் நிலை. மாடியில் யான் செய்வதை எவ்வாறோ அறிந்துகொண்டார். சினந்துகொள்வார் என்று அஞ்சினேன். அவரோ, “இன்றைக்குப் பார்த்த கதையைச் சொல்லு தம்பி” என்றார். சொன்னேன். மகன் இறந்த செய்தியைத் தாய் கேட்கும் இடம் வந்தது. “அப்போது அவள் நின்றிருந்தாளா, உட்கார்ந்திருந்தாளா?” என்று வினவினார். எனக்குத் தெரியவில்லை. “சேலை என்ன நிறம்?” என்றார். “கறுப்பு வெள்ளைப் படம், பாட்டி” என்று தப்பித்துக்கொள்ள முயன்றேன். “கறுப்பிலும் வெள்ளையிலும் வெளுப்பு உண்டு, அழுத்தம் உண்டு. நீ பார்க்கவில்லை” என்றார். கண்ணில்லாதவர் கண்ணுள்ளவனைப் பார்த்துக் கூறிய இச்சொல் என்னை வருத்திற்று. அன்றிரவே அப்படத்தை மீண்டும், உரிய வேகத்தில் கண்டேன். அத்தாய் நிற்கவுமில்லை, அமரவுமில்லை, அடுப்படியிலிருந்து எழுந்துகொண்டிருந்தாள், பாதி எழுந்த நிலையிலேயே செய்தி வந்து அவளைத் தாக்குகிறது. அக்காட்சியின் உயிர் முழுவதும் அப்பாதி எழுச்சியில் இருந்தது. யான் அதனைத் தாண்டி ஓடியிருந்தேன்.

மறுநாள் படம் பார்க்கவில்லை. பேருந்தேறித் திருக்கழுக்குன்றத்தின் வழியாக மாமல்லபுரம் சென்றேன். அருச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் இருவகையாய்ப் பொருள் கூறப்படும் பாறைச் சிற்பத்தின் எதிரே நெடுநேரம் நின்றேன். ஏறக்குறைய 27 மீட்டர் நீளமும் 9 மீட்டர் உயரமும் உடைய அப்பாறையில், பிளவை நோக்கித் தேவரும் முனிவரும் விலங்குகளும் விரைகின்றனர். பள்ளிப் பருவத்திலிருந்து பலமுறை கண்டதே. ஆயினும் பின்னங்காற் குளம்பால் மூக்கைச் சொறியும் மானை அன்றுதான் கண்டேன். யானையின் அருகே இரு கைகளையும் உயர்த்தித் தவம் புரிவதுபோல் நடிக்கும் பூனையையும், அதனை நம்பிச் சூழ்ந்த எலிகளையும் எல்லாரும் அறிவர். அம்மானை அறிவார் சிலரே. திரைப்படத்தில் காட்சி நகர, நாம் நிற்கிறோம். சிற்பத்தில் காட்சி நிற்க, நாம் நகர்கிறோம். வேறுபாடு அவ்வளவே. இரண்டிலும் பார்வை நகராவிடின் ஒன்றும் காணோம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன் உளி பிடித்தவன், ஒரு மானின் அரிப்புக்கும் இடம் ஒதுக்கினான். அதனை அரை நிமிடம் நின்று பாராத நமக்கு 30 படம் என்ன, 300 படம் என்ன?

அன்று முதல் நியமத்தை மாற்றியமைத்தேன். படத்தைப் பார்த்தல் பாதி. அதனைப் பாட்டியார்க்கு எடுத்துரைத்தல் பாதி. இதற்கும் நம் நாட்டில் முன்மரபு உண்டென்று பின்னர்ப் படித்தறிந்தேன். ஊமைப்பட நாட்களில், எழுத்தறியாதார் பொருட்டுத் திரையருகே ஒருவர் நின்று, தலைப்பு வரிகளை உரக்கப் படித்துக் கதையை விளக்குவாராம். அக்காலத்தில் தென்னாட்டு ஊர்களுக்குப் படத்தைக் கொண்டு சென்றோருள் தலையாயவர் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சிராப்பள்ளியில் இரயில்வே எழுத்தராகப் பணிபுரிந்த அவர், 1905இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். அவர் காட்டிய படங்களுள் ஒன்று கிறிஸ்துநாதரின் சரிதம். சினிமாவை வீட்டு வாயிலுக்கு வெளியே நிறுத்திய எந்தையார்க்கு ஒருநாள் உணவு வேளையில் இதனைக் கூறினேன். அவர் மறுமொழி கூறவில்லை. ஆயினும் எழுந்து போகவுமில்லை.

எடுத்துரைத்தலின் அருமையை உணர்த்தும் செய்தி வேறொன்றும் உண்டு. தமிழ் பேசிய முதற் படமாகிய ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. டி. பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தின் பிரதி ஒன்றும் இன்று இல்லை. அதற்கும் முன் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ மறைந்தொழிந்தது. நம் நாட்டில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டனவாயினும் எஞ்சியவை மிகச் சிலவே. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பொருளால் ஆனது. காப்பாற்றுவார் இன்றி நைந்ததும் எரிந்ததும் பல. அவற்றைப் பற்றி நாம் இன்று அறிவதெல்லாம், கண்டவர் எழுதியும் சொல்லியும் வைத்தனவே. ஏட்டுச்சுவடி செல்லரித்துப் போன நூல்களின் பெயரை உரையாசிரியர் வாயிலாக அறியும் தமிழ் மாணவர்க்கு இவ்விழப்பு புதிதன்று.

30 நாட்களும் முடிந்தன. யான் கண்ட படங்கள் 24. ஆறு நாள் தவறிற்று: ஒருநாள் மாமல்லபுரத்தில், ஐந்து நாள் மருத்துவமனையில். பாட்டியார்க்கு ஒரு கண்ணில் அறுவை நடந்தது. கட்டவிழ்த்துச் சில வாரம் சென்றபின், மருத்துவர் இசைவு பெற்று, “நீ சொன்ன கதைகளில் ஒன்றை நானே பார்க்க வேண்டும்” என்றார். எதனை என்று கேட்டேன். ‘ஞானசௌந்தரி’ என்றார். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கானகத்தில் கைகள் வெட்டப்பட்ட பெண், செபத்தால் அவற்றை மீளப்பெறும் பழங்கதை அது; நாடக மேடையில் புகழ் பெற்றுப் பின்னர்ச் சிட்டாடல் நிறுவனத்தாரால் 1948இல் படமாயிற்று. முன்னறைப் பெட்டியில் அதனை ஓடவிட்டேன். இழந்த கைகள் திரும்பும் இடத்தில் பாட்டியார் தம் கைகளை மடியிலிருந்து எடுத்து, முகத்தருகே கொண்டுவந்து, விரல் விரலாகப் பார்த்தார். திரும்பி நோக்கினேன். வாயிற்படியில் எந்தையார் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை, நின்றபடியே முடிவுவரை பார்த்தார்.

ஆதலின் இந்நியமத்தை மேற்கொள்ள விழையும் நண்பர்க்குச் சில கூறுவேன். எண்ணிக்கையை எல்லையாகக் கொள்ளற்க. ஒரு நாள் தவறினால் நோன்பு முறிந்ததென்று வருந்தற்க. வேகத்தைக் கூட்டிப் பார்த்த படம், பாராத படமேயாகும். கண்டதை அன்றே எழுதுக. அதனினும் நன்று, காணாத ஒருவர்க்கு எடுத்துரைக்க. அவர் வினவும் முதல் வினாவிற்கு விடை தெரியாவிடின், மறுநாள் புதுப் படம் வேண்டா. அதனையே மீண்டும் பார்க்க. படிப்புக்குரிய பொழுதைத் திருடி இந்நியமத்தை நடத்தற்க. யான் தவறவிட்ட 6 படங்களை இன்னும் பார்க்கவில்லை. பாட்டியாரின் மற்றைக் கண்ணிற்கும் அறுவை நடந்தபின், அவரோடு அமர்ந்து பார்க்க அவற்றை வைத்திருக்கிறேன். அப்போது கதை சொல்வோர் அவர், கேட்பவன் யான்.