பகடையில் தோற்றவன் ஏன் மரம் ஏறுகிறான்?

கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் தீமிதித் திருவிழா நடக்கும் ராத்திரிகளில், கூத்து மேடைக்குப் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள். பாதிக் கொண்டாட்டம் அங்கேதான் இருக்கிறது! பாய் விரித்துத் தகரப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பழஞ்சேலைகள். அவற்றை இடுப்பில் சுற்றிச் சுற்றிக் கட்டக் கட்ட அர்ச்சுனன் பருத்துக்கொண்டே போகிறான். கையகலக் கண்ணாடியைப் பிடித்து மீசையை வேடம் கட்டுபவரே எழுதிக்கொள்கிறார். கண்ணாடிச் சில்லு பதித்த மரக் கிரீடமும் புஜக்கட்டையும் கடைசியில்தான் ஏறும். சலங்கை கட்டி எழுந்தால் நடையே வேறு! பகலில் வயல்வேலைக்குப் போய்வந்த மனிதர் என்று யார் சொல்வார்?

சரி, இந்த வீரனுக்கு என்னதான் வேண்டும்? வேறொரு விளையாட்டின் வீரனோடு ஒப்பிட்டால் புரியும்.

1974இல் அமெரிக்காவில் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, ஆளுக்கொரு வேடம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. அதன் தொடக்ககால விதிப்படி, வீரன் மீட்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி. புதையல் சேரச் சேர அவன் வளர்வான். நம் கூத்தில் இது அப்படியே தலைகீழ். ‘பகடை துகில்’ ஆடும் ராத்திரியில் பகடை உருண்டதுமே பாண்டவர்களின் பொன்னும் நாடும் போய்விடும். அதற்கப்புறம்தான் கதையே சூடு பிடிக்கிறது! பாஞ்சாலிக்கு ஒரு சபதம். விரித்த கூந்தலை அது நிறைவேறும்வரை முடியமாட்டாள். கர்ணனுக்கோ செஞ்சோற்றுக் கடன். எதிரில் நிற்பவர்கள் தம்பிகள் என்று தெரிந்தும் துரியோதனனைக் கைவிடமாட்டான். ‘கர்ண மோட்ச’த்தில் மனைவி பொன்னுருவி வழிமறித்து அழுதாலும் போருக்குப் போயே தீருவான்.

எனக்கு உயிர் ‘அர்ச்சுனன் தபசு’தான். நெட்டை மரத்தை நட்டு, படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டே அர்ச்சுனன் ஏறுகிறான். தபசு ஏறுபவர் விரதம் இருப்பார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் பறந்து வரும். பிள்ளை வரம் கேட்பவர்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். அர்ச்சுனன் கேட்பதோ பாசுபத அஸ்திரம். அதைச் சிவன் கொடுத்த இடம் எங்கே தெரியுமா? சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய திருவேட்களம் என்கிறது தலபுராணம்! வேடனாக வந்த சிவனோடு ஒரு பன்றிக்காகச் சண்டை போட்டு, வில்லாலேயே அவரை அடித்துவிடுகிறான் அர்ச்சுனன். அடி வாங்கிய சாமி அஸ்திரத்தைத் தூக்கிக் கொடுக்கிறார். இதற்கு எந்தப் புதையல் ஈடாகும்?

பாரதப் போரின் முடிவை ஆடும் படுகளம் பார்க்கப் போவதாக இருந்தால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மண்ணில் பிரம்மாண்டமாகப் படுத்திருக்கும் துரியோதனன், அவன் தொடையில் பீமன் அடிக்கும் அடி, பாஞ்சாலி கூந்தல் முடிப்பது, மூன்றும் கண்ணில் பட வேண்டுமென்றால் முன்வரிசையில் இடம் பிடித்தாக வேண்டும்!