புருவம் மழித்த துயர்

வீட்டில் வளர்த்த பூனை இறந்தவிடத்து அழுபவரை உலகம் பெரும்பாலும் நகைத்தே நோக்கும். “பூனைதானே!” என்னும் ஒரு சொல்லில் அவர் துயர் ஒதுக்கப்பட்டுவிடும். ஆயின், அத்துயரை ஏற்று, அதற்கு ஓர் ஒழுங்கும் வகுத்த நாகரிகம் ஒன்று பண்டு நைல் நதிக்கரையில் நிலவிற்று.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோற்றஸ், ஒரு வீட்டிற் பூனை இயல்பாக இறப்பின் அவ்வீட்டார் அனைவரும் தம் புருவங்களை மழித்துக்கொள்வர் என்கின்றார். இறந்த பூனைகள் பதனிடப்பட்டுப் புபாஸ்ரிஸ் நகரில் அடக்கஞ் செய்யப்பட்டன என்பதும் அவர் கூற்று. அவருக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகள் முன்னரே, மூன்றாம் அமென்ஹொதெப் மன்னனின் மூத்த மகன் துத்மோஸ், ‘தா-மியூ’ என்னும் தன் பூனைக்குச் சுண்ணக்கல்லிற் பேழை செய்வித்தான். படையல் மேசையின் முன் அப்பூனை அமர்ந்திருக்குங் கோலம் அதிற் செதுக்கப்பட்டுள்ளது. பிற்காலத்திற் கோயிற் காணிக்கைக்கென வளர்த்துக் கொல்லப்பட்ட பூனைகளும் மிகப் பலவாதலின், எகிப்தியர் பூனைகள் யாவற்றையும் மகவெனப் போற்றினர் எனல் பொருந்தாது. எனினும், வீட்டுப் பூனையின் மறைவு அவர்க்கு இழப்பாகவே இருந்தது.

மழித்த புருவம் மீள வளர வாரங்கள் பல செல்லும். அதுகாறும் எதிர்ப்படுவோர் அவ்வீட்டின் இழப்பை வினவாமலே அறிவர். துயருற்றவர் தம் துயருக்குக் காரணங் காட்டவேண்டிய நிலை அங்கில்லை.

இவ்வசதி இக்காலத்தார்க்கு வாய்ப்பதரிது. வெளிப்பட ஒப்புக்கொள்ள இயலாததும், ஊரறிய அழ முடியாததும், பிறர் ஆதரவு பெறாததுமான துயரைத் தனியொரு வகையாக அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். வளர்ப்புயிரின் மறைவால் வருந் துயர் இவ்வகைத்து.

துணையை இழந்து தனித்து வாழும் முதியவர்க்கு இது மேலும் கடிதாம். விடியலிற் பாலுக்கு வந்து காலில் உராயும் பூனை, அவர் எழுவதற்கு ஒரு காரணமாகின்றது. மறைந்த துணையின் கையால் உண்ட பூனையாயின், அதன் இறப்பில் முன்னைய இழப்பும் புதிதாகும்.

அத்தகையோரிடம், “வேறொரு குட்டி கொண்டுவந்து தருகின்றேன்” என்பது ஆறுதலாகாது. இழவு வீட்டிற் சென்று, வாளாவிருந்து, இறந்தவரைப் பற்றிக் கூறுவதைக் கேட்டு மீள்வதும் பேருதவியே என்பதை நம்மவர் நன்கறிவர். பூனையை இழந்தவர் வேண்டுவதும் அதுவே. அதன் பெயரைக் கேட்டு, அவர் சொல்வதை இடைமறியாது செவிமடுப்பார் ஒருவர் வாய்ப்பின், அவர் துயர் தனிமையினின்று நீங்கும்.