திருச்சானூரின் எம்டன்

1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனது ஜெர்மனியின் எம்டன் கப்பல். இருபது வருடம் கழித்து, டெல்லி மத்திய சட்டசபையில் வெள்ளைக்கார அரசைக் கேள்வி கேட்டே திணறடித்த ஒரு காங்கிரஸ்காரருக்கு ஐரோப்பியப் பத்திரிகை ஒன்று அந்தப் பெயரையே சூட்டியது. அவர் சித்தூர் வக்கீல் மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார்.

திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் 1891-ல் பிறந்தவர். பச்சையப்பன் கல்லூரியிலும் சென்னை சட்டக் கல்லூரியிலும் படித்தார். கொஞ்ச காலம் கணக்கு வாத்தியார். 1915 முதல் வக்கீல். ஒத்துழையாமை இயக்கத்துக்காக 1921-ல் ஒரு வருடம் கோர்ட் பக்கமே போகவில்லை. பிறகு சிறைவாசமும் உண்டு.

அந்தக் கணக்கு வாத்தியார் கடைசிவரை அவருக்குள் இருந்தார் என்றே நினைக்கிறேன். 1950-ல் நாடாளுமன்றம் மதிப்பீட்டுக் குழுவை அமைத்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். இலாகா இலாகாவாக எடுத்து, அதிகாரிகளை நேரில் வரவழைத்து, இதே வேலையை இன்னும் சிக்கனமாகச் செய்ய முடியாதா என்று துருவிக் கேட்கும் குழு அது. புதிதாகப் பிறந்த குடியரசுக்கு அந்தப் பழக்கம் முதல் வருடத்திலேயே வந்தது பெரிய விஷயம்.

மக்களவை சபாநாயகர் மவ்லங்கர் மறைந்ததும் 1956 மார்ச்சில் அந்த நாற்காலிக்கு வந்தார். மறு வருடம் டிசம்பரில் முந்த்ரா விவகாரம் வெடித்தது. எல்.ஐ.சி. பணம் சுமார் ஒண்ணேகால் கோடி ரூபாய், முந்த்ரா என்ற தொழிலதிபரின் தள்ளாடும் கம்பெனிகளுக்குப் போனது எப்படி? கேட்டவர் நேருவின் மருமகன் பெரோஸ் காந்தி. பதில் சொல்ல வேண்டியவர் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. இருவரும் காங்கிரஸ், அந்தக் கட்சியிலிருந்தே நாற்காலிக்கு வந்தவர் அய்யங்கார். கட்சி மானத்தைக் காப்பாற்ற விவாதத்தை அமுக்கியிருக்கலாம், அவர் நடக்கவிட்டார். 1958 பிப்ரவரியில் அமைச்சர் ராஜினாமா செய்தார். பெரோஸுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு அந்த நாற்காலிக்கும் உரியது.

ஆந்திராவுடனான வட எல்லைப் போராட்டம் என்றால் நமக்கு ம.பொ.சி. நினைவுக்கு வருவார். ஆனால் அதில் அய்யங்காரும் வருகிறார். சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணியைச் சென்னை மாநிலத்துக்குத் தந்த எல்லை மாற்றச் சட்டம் 1959-ல் நிறைவேறியபோது மக்களவையின் சபாநாயகர், அதே சித்தூரின் எம்.பி.யான இவர். திருத்தணி வந்தது, அவருடைய சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே நின்றன. 1962 தேர்தலிலும் சித்தூரில் ஜெயித்தார். சில மாதங்களில் பதவியை விட்டு, பீகார் கவர்னராகப் பாட்னாவுக்குப் போனார்.