மார்பில் ஒரு பள்ளம்



என் ஊர் தோணிரேவு, பழவேற்காடு ஏரியோரம். எங்க ஊர்ப் பக்கம் வருகிறவர்கள் டச்சுக் கல்லறையைப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையும் இருந்தது. இன்று இடிபாடுதான் மிச்சம். அந்தக் காலத்தில் பழவேற்காட்டில் அவர்கள் வெடிமருந்து ஆலை நடத்தினார்கள், அந்த மருந்து கப்பலேறி ஆசியாவில் அவர்களுடைய மற்ற இடங்களுக்கும் போனது என்பது பல பேருக்குத் தெரியாது.

வெடியுப்பு, கந்தகம், கரி. இந்த மூன்றும் சேர்ந்த கருப்பு மருந்துதான் ஐரோப்பாவில் ஒரு பெரிய தொழிலையே படுக்க வைத்தது. அதுதான் எஃகுக் கவசத் தொழில். மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு அதில் நல்ல பாடம் இருக்கிறது.

கவசம் போட்டவனைக் கிரேன் வைத்துத்தான் குதிரை மேல் ஏற்ற வேண்டும் என்று சினிமாவில் காட்டுவார்கள். அது சும்மா கதை. தலை முதல் கால் வரை போடும் போர்க்கவசம் மொத்தம் 20 முதல் 25 கிலோதான். அந்தப் பாரமும் உடம்பு முழுவதும் பரவி நிற்கும். தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கும்படி ரிவெட் அடித்து, தோல் வாரில் கோத்திருப்பார்கள். போட்டவன் குனியலாம், ஓடலாம், தானே குதிரையும் ஏறலாம்.

இதில் முக்கியமான உறுப்பு மார்த்தகடு. அதன் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு முகடு இருக்கும். அழகுக்கா? இல்லை. நேராக வரும் குண்டு சாய்ந்த பரப்பில் பட்டால் வழுக்கிப் போகும். வழுக்காவிட்டாலும், 45 டிகிரி சாய்வில் 2 மி.மீ. தகட்டைக் கடக்க குண்டு 2.8 மி.மீ. எஃகைத் துளைக்க வேண்டும். தகட்டின் கனம் கூடாமலே குண்டு கடக்க வேண்டிய தடிமன் கூடுகிறது!

அடுத்தது உலோகம். அன்றைய உலையில் கிடைத்த இரும்பில் கசடு கலந்திருக்கும். விரிசல் ஆரம்பிப்பது அந்தக் கசடு இருக்கும் இடத்தில்தான். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக், இங்கிலாந்தின் கிரீனிச் பட்டறைகளில் கார்பன் ஏறிய எஃகைக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, பிறகு டெம்பர் செய்யக் கற்றிருந்தார்கள். நாம் ஹீட் ட்ரீட்மென்ட் பாடத்தில் படிப்பதை அவர்கள் சூட்டின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே செய்தார்கள்.

சரி, வாங்குகிறவன் எதை நம்பி வாங்குவான்? செய்த கவசத்தை நிறுத்தி வைத்து, துப்பாக்கியால் சுட்டுக் காட்டுவார்கள். குண்டு பட்டுப் பள்ளம் விழும், ஓட்டை விழாது. அந்தப் பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். அதுதான் சர்டிபிகேட். நாம் இன்று சொல்கிற 'புல்லட் புரூஃப்' என்பதில் புரூஃப் என்றால் சோதனை என்றுதான் பொருள். 1643-ல் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் சர் ஆர்தர் ஹேசல்ரிக் என்பவரை எதிரி ஒருவர் மிகக் கிட்டத்தில் நின்று பிஸ்டலால் சுட்டும், கவசம் அவரைக் காப்பாற்றியது.

ஆனால் பிஸ்டல் வேறு, மஸ்கட் வேறு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் 1640-களில் கட்டிய ஆயுதக் கிடங்கு இன்றும் இருக்கிறது. சுமார் 32,000 பொருட்கள் அதில் உண்டு. 1980-களின் கடைசியில் அங்கிருந்த பழைய துப்பாக்கிகளையே எடுத்துச் சுட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான குண்டுகள் நொடிக்கு 400 மீட்டருக்கும் மேல் வேகத்தில் கிளம்பின. 30 கிராம் ஈயக் குண்டு 400 மீட்டர் வேகத்தில் வந்தால் இயக்க ஆற்றல் எவ்வளவு? அரை எம் வி ஸ்கொயர் போடுங்கள், 2,400 ஜூல்! அதே சோதனையில் பிஸ்டல் குண்டு சுமார் 3 மி.மீ. கனமுள்ள ஒரு பழைய மார்த்தகட்டைத் துளைத்தது. ஆனால் அதோடு அதன் சக்தி தீர்ந்துவிட்டது, பின்னால் இருந்த துணியைத் தாண்டவில்லை.

மஸ்கட்டுக்குத் தாங்க வேண்டுமானால் தகட்டைக் கனமாக்க வேண்டும். கணக்குப் பாருங்கள். 40 செ.மீ.க்கு 40 செ.மீ. தகடு, 2 மி.மீ. கனத்தில் 2.5 கிலோ. 6 மி.மீ. என்றால் 7.5 கிலோ. முன்னால் மட்டும்தான் இவ்வளவு, முதுகுத்தகடும் தலைக்கவசமும் தனி. எனவே காலுக்குப் போட்டதைக் கழற்றினார்கள், பிறகு கைக்குப் போட்டதை. 17-ம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பாலான காலாட்படை வீரர்கள் எல்லாவற்றையுமே கழற்றிவிட்டார்கள். நாள் முழுக்க நடக்கிறவனுக்கு, என்றோ வரப்போகும் குண்டைவிட இன்று தோளை அழுத்தும் பாரம்தான் பெரிசு.

இதை நான் படித்தபோது எங்க ஊர்தான் ஞாபகம் வந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் மீன்பிடிக்கப் போகிற நம்ம ஆளுங்களிடம் லைஃப் ஜாக்கெட் பற்றிக் கேட்டால், "வலை இழுக்கும்போது கைக்கு இடைஞ்சல் தம்பி, வேர்த்து ஊத்துது" என்கிறார்கள். அவர்களுக்கு அலட்சியம் என்று சொல்லிவிடுவது சுலபம். வலை இழுக்கிறவனின் தோள் எப்படி அசைகிறது என்று பார்க்காமல் அதைச் செய்தவர்களிடமும் தப்பு இருக்கிறது.

ஆகவே தோழர்களே, நாளை நாம் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும், ஒரு பாதுகாப்புச் சாதனத்துக்கு இரண்டு சோதனை வைப்போம். அடி தாங்குமா என்பது முதல் சோதனை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஷிப்ட் முழுக்க வேலை செய்ய முடியுமா என்பது இரண்டாவது. முதல் சோதனையில் ஜெயித்த கவசங்கள் தோற்றது இந்த இரண்டாவதில்தான்.