ஆடியில் பூக்கும் மாமரம்

குமரி மாவட்டத்தில் நெல்லுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகங்கள் உண்டு. அதுபோல இங்குள்ள மாமரங்களும் பல ஆண்டுகளில் இருமுறை பூக்கின்றன. பிற மாவட்டங்களில் மா மார்கழி, தை மாதங்களில் பூத்துச் சித்திரை, வைகாசியில் பழுக்கும். குமரியிலோ ஆனி, ஆடி மாதங்களிலும் நீலம், பெங்களூரா மரங்கள் பூங்கொத்துடன் நிற்பதைக் காணலாம். இந்தப் பூ கார்த்திகை, மார்கழியில் காயாகிக் கைக்கு வரும். வேறு ஊர்களில் மாங்காய் அரிதான காலம் அது. ஆகவே விலை நன்றாக இருக்கும்.

காரணம் என்ன?

பொதுவாக மாமரத்தைப் பூக்கத் தூண்டுவது குளிர். கடலோரமான குமரியில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வெப்ப வேறுபாடு குறைவு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்கு பெய்கின்றன. இதனால் மரம் ஆண்டில் பலமுறை துளிர் விடுகிறது. துளிர் நான்கைந்து மாதம் முற்றிய பின், சில வாரங்கள் மழை ஓய்ந்து மண் காய்ந்தால், நுனி மொட்டு பூவாக மாறும். ஒரே மரத்தில் ஒரு கிளை பூவும் மறு கிளை துளிருமாக நிற்பது இதனால்தான்.

மழை முறை தவறினால் பூவும் முறை தவறும். தென்மேற்குப் பருவமழை பிந்தினால் ஆனி, ஆடியில் பூ கூடலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டியது போன்ற மார்கழிப் பெருமழை பெய்தால், பூ வர வேண்டிய நுனியில் துளிர் வந்துவிடும். மேலும், பூத்த நுனி உடனே மறுபடி பூக்காது. ஆடியில் மரம் முழுவதும் பூத்தால், தையில் பூ குறைவது இயல்பு. மரத்துக்கு நோய் என்று கலங்க வேண்டியதில்லை.

பூவைக் காப்பது எப்படி?

இடைப்பருவப் பூவுக்கு முதல் எதிரி மழையும் ஈரக்காற்றும். பூங்கொத்து கருகினால் அது பறவைக்கண் நோய். சூடோமோனாஸ் தூளை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கலந்து, மூன்று வார இடைவெளியில் தெளிக்கலாம். வெண்தூள் படிந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். கந்தகத்தை வேப்பெண்ணெயுடன் கலக்கக் கூடாது. உச்சி வெயிலிலும் தெளிக்கக் கூடாது. பூ நன்கு விரிந்திருக்கும்போது பூச்சிமருந்து அடித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் மடியும், பிஞ்சு குறையும். அறுவடை முடிந்ததும் அடர்ந்த உள்கிளைகளையும் காய்ந்த குச்சிகளையும் நீக்கினால் வெளிச்சமும் காற்றும் புகும், தத்துப்பூச்சியும் குறையும்.

பூக்க வைக்கும் மருந்து

பொட்டாசியம் நைட்ரேட் தெளித்து மாவைப் பூக்க வைக்கும் முறையை 1970-களில் பிலிப்பைன்ஸ் நாட்டு விஞ்ஞானி ராமோன் பார்பா கண்டறிந்தார். லிட்டருக்கு 10 கிராம் அளவு. ஆனால் முற்றிய நுனிகளில்தான் இது பலிக்கும். இலை கரும்பச்சையாகி, கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும். இளந்துளிரில் தெளித்தால் பணம் வீண்.

பாக்லோபுட்ரசால் வேறு வகை. வேரில் ஊற்றும் இம்மருந்து துளிர் வளர்ச்சியை அடக்கும். மண்ணில் நெடுநாள் தங்கும். இளமரத்துக்கும் நலிந்த மரத்துக்கும் ஆகாது. அளவு மீறினால் கணு குறுகி மரம் குன்றும். தோட்டக்கலைத் துறை அலுவலரைக் கேட்காமல் ஊற்றக் கூடாது.

குத்தகையில் கவனம்

பூவைப் பார்த்து மரத்தைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். தையில் பேசும்போது ஆடிப் பூவைப் பலர் நினைப்பதில்லை. குத்தகை ஒரு காய்ப்புக்கா, முழு ஆண்டுக்கா என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். உரிமையாளரைக் கேட்காமல் வேரில் மருந்து ஊற்றக் கூடாது என்றும் எழுத வேண்டும். குத்தகைக்காரருக்கு ஓர் ஆண்டுக் காய்தான் கணக்கு. மருந்தால் மரம் நலிந்தால், அடுத்து வரும் ஆண்டுகளின் நட்டம் விவசாயிக்கே.

ஒவ்வொரு மரமும் துளிர்த்த நாள், பூத்த நாள், மழை பெய்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வருவது நல்லது. மூன்று நான்கு ஆண்டுக் குறிப்பு சேர்ந்தால், தம் தோட்டத்து மரம் எப்போது பூக்கும் என்பதை விவசாயி ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். குத்தகை பேசும்போதும் அந்தக் குறிப்பு கைகொடுக்கும்.