ரஷ்ய மொழியில் ‘தெரியும்’, ‘முடியும்’, ‘வரலாமா?’

ரஷ்யன் படிக்க ஆரம்பிப்பவர்களுக்குத் தமிழ் நல்ல துணை. ஆங்கிலத்தில் ‘கேன்’ என்ற ஒரே சொல் செய்கிற வேலையை ரஷ்யன் மூன்றாகப் பிரிக்கிறது. நாமும் அப்படித்தான்.

‘உமேயு ப்ளாவத்’ என்றால் நீந்தத் தெரியும். அது கற்றுக்கொண்ட திறமை. ‘மகூ ப்ளாவத்’ என்றால் நீந்த முடியும். உடம்பும் சூழ்நிலையும் இடம் கொடுக்கின்றன. கை உடைந்தவருக்கு முதலாவது உண்டு, இரண்டாவது கிடையாது. அனுமதிக்கு ‘மோஜ்ன’. ‘உள்ளே வரலாமா?’ என்பது ‘மோஜ்ன வய்தீ?’ ஆகும். கூடாது என்றால் ‘நில்ஸ்யா’.

ஒரு வித்தியாசம்: நமக்கு ‘எனக்குத்’ தெரியும், ‘என்னால்’ முடியும். அங்கே இரண்டுக்கும் ‘யா’ (நான்) தான்.

உதவி கேட்கும் இடத்தில்தான் தமிழ்க் காது குழம்பும். மாஸ்கோ தெருவில் வழி கேட்பவர், ‘வீ நி பத்ஸ்காஜித்யே, க்த்யே மித்ரோ?’ என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘மெட்ரோ எங்கேன்னு சொல்ல மாட்டீங்களா?’ நமக்கு இது குறைபட்டுக்கொள்கிற மாதிரி இருக்கும். அங்கே அந்த எதிர்மறை ‘நி’தான் மரியாதை. எதிராளி மறுக்கவும் இடம் விட்டுக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

கடையில் இவ்வளவு சுற்ற வேண்டாம். ‘தாய்த்யே, பஜாலுஸ்தா’ (கொடுங்க, ப்ளீஸ்) போதும். ஏவல் வினையாச்சே என்று தயங்காதீர்கள். ‘பஜாலுஸ்தா’ சேர்ந்தால் அது சாதாரண வேண்டுகோள்தான்.